காரிடம் ஒரு பொய், மாமியாரிடம் ஒரு பொய்

நான் ஒரு காரிடம் பொய் சொல்லியிருக்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னபோது, தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் காதை இன்னும் கிட்டே கொண்டுவந்தார்.

"காரிடமா?"

"ஆமாம் சாமி. அப்புறம் அதை மறைக்க மாமியாரிடம் இன்னொன்று."

எண்பதுகளின் தொடக்கம். சிங்கப்பூரில், பிடோக்கில் ஐந்தாவது மாடி வீடு. எனக்குத் தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டு சரிபார்க்கும் வேலை. எட்டு மணி நேரம் ரெசிஸ்டர்களின் வண்ணக் கோடுகளை உற்றுப் பார்த்துப் பார்த்து, மின்சாரம் ஓடும் எதையும் என்னால் மடக்கிவிட முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (இருபத்தாறு வயது. அந்த வயதில் ஜலதோஷம்கூட அடக்கமாக வராது.)

என் வீட்டுக்காரர் அந்தோணி, செம்பவாங் கப்பல் பட்டறையில் ஃபிட்டர். அவரிடம் ஒரு பழைய ஜெர்மன் கார் இருந்தது. எனக்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்துவிட்டதால், எனக்கு மூத்தாள் மாதிரி. கப்பல் எஞ்சினையே பார்த்துப் பழகிய மனிதருக்குச் சின்ன எஞ்சின் கண்ணில் படுமா? சிலிண்டர்களைக் குடைந்து அகலமாக்கி, பெரிய பிஸ்டன் போட்டு மூடினார். (அனுமதியெல்லாம் முறையாக வாங்கினார். அந்தப் பாவம் எங்கள் தலையில் இல்லை.)

எஞ்சின் பெருத்தது. காரோ மேட்டைக் கண்டால் இருமியது, 'டப் டப்' என்று வெடித்தது, நடுரோட்டில் உட்கார்ந்தது.

அந்தக் காரில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் கிடையாது. சீட்டுக்கு அடியில் ஒரு மின்னணுப் பெட்டி, எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்று கணக்குப் போடும். எஞ்சின் பெருத்த செய்தியை அந்தப் பெட்டிக்கு யாரும் சொல்லவில்லை! அது பழைய அளவையே பரிமாறிக்கொண்டிருந்தது.

"பானை பெருசானா அரிசியும் கூடணும்ல," என்றார் அத்தை. கார் ஓட்டத் தெரியாத என் மாமியார், ஒரே வரியில் நோயைக் கண்டுபிடித்துவிட்டார்.

மெக்கானிக் ஆ செங் சொன்ன மருந்து வேறு: "பெட்டியைத் தூக்கிப் போடு லா! கார்புரேட்டர் மாட்டு, முடிஞ்சுது."

அந்தோணி முகம் செத்துவிட்டது. கூடப் பிறந்ததைப் பிடுங்கிவிட்டு வேறு மாட்டினால் அது அந்தக் காரே இல்லை என்பது அவர் கட்சி. இதற்கு நடுவில் என் நாத்தனார் ஸ்டெல்லாவின் கல்யாணம் நெருங்கியது. அத்தை தீர்ப்புச் சொன்னார்:

"பொண்ணை நேரத்துக்குக் கோயில்ல இறக்குச்சுன்னா வண்டி இருக்கட்டும். இல்லன்னா திங்கக்கிழமை என் தம்பி தாமஸ்கிட்ட போயிடும். அவன் வாங்கிக்கிறேன்னு நிக்கிறான்."

அன்று ராத்திரி அந்தோணி சாப்பிடவில்லை. நான்தான் வாயைக் கொடுத்தேன்: "நான் பாக்குறேங்க."

காரின் மின்வரைபடத்தை விரித்தேன். எஞ்சின் சூடா குளிரா என்று பெட்டிக்குச் சொல்ல ஒரு சென்சார் இருந்தது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் பெட்டி பெட்ரோலைக் கூட்டும். சென்சார் கம்பியில் மின்தடை ஏறினால் குளிர் என்று நினைத்துக்கொள்ளும். அவ்வளவுதானே! செத்துப்போன எங்கள் வீட்டு ரேடியோவின் வால்யூம் குமிழைக் கழற்றி அந்தக் கம்பிக்கு இடையில் வைத்தேன். திருப்பத் திருப்ப மின்தடை ஏறும். சிங்கப்பூர் வெயிலில் வெந்துகொண்டிருக்கும் எஞ்சினுக்கு, மலேசியாவின் கேமரன் மலைக் குளிர் என்று பொய். பெட்டி நம்பியது. கார் மேட்டில் பாய்ந்தது. அந்தோணி கார் நிறுத்தத்திலேயே என்னைத் தூக்கிச் சுற்றினார். குமிழை டாஷ்போர்டுக்குக் கீழே பொருத்தி, சரியான இடத்தில் நகப்பூச்சால் புள்ளி வைத்தேன்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். நான் ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் அத்தை காரைப் பார்வையிட்டார். "இது என்னம்மா புதுசா?"

பெட்ரோல் சமாசாரம் என்றால் பெண்ணை ஏற்ற மாட்டார் என்று பயம். "ரேடியோ வால்யூம், அத்தை" என்றேன்.

மறுநாள் பத்து மணிக்குப் பூசை. தேக்கா பக்கம் எங்கள் கோயில். அந்தோணி ஓட்ட, அத்தை முன்னால், நானும் மணப்பெண்ணும் பின்னால். கார் வெண்ணெய்போல் போனது. சிராங்கூன் ரோட்டுக்குள் நுழையும்போது ரேடியோவில் மணமக்கள் வாழ்த்து ஆரம்பித்தது. அத்தை ஸ்டெல்லா பெயரை எழுதிப் போட்டிருந்தார்.

"சத்தம் வையிடா!" என்று சொல்லிக்கொண்டே குமிழைத் திருப்பினார்.

கார் ஒரு விக்கல் விக்கியது.

"சத்தமே ஏறலையே!" இன்னும் திருப்பினார்.

"அத்தை, அதைத் தொடாதீங்க!" என்று நான் கத்துவதற்குள், ரேடியோவில் ஸ்டெல்லா பெயர் வந்துவிட்டது. பெற்ற மனம். கடைசிவரை முறுக்கினார். பின்னால் கரும்புகை கிளம்பியது. பூமாலைக் கடைகளுக்கு நேர் எதிரே எஞ்சின் பெட்ரோலில் மூழ்கி நின்றது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது.

மாலைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, பொண்ணுக்கு ரோட்டுலயே சாம்பிராணி போடுறீங்களா?"

கடைத்தெருவே சிரித்தது. ஸ்டெல்லா முக்காட்டுக்குள் அழ ஆரம்பித்தாள். மணி பத்தாகப் பதினைந்து நிமிடம். அத்தை இறங்கி டாக்சிக்குக் கை நீட்டினார். அந்தோணி ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார், ஆஸ்பத்திரியில் கையைத் தடவுவார்களே, அப்படி.

நானும் இறங்கினேன். "அத்தை, அது ரேடியோ இல்ல. பெட்ரோல் கூட்டுற குமிழ். பொய் சொல்லிட்டேன். அஞ்சு நிமிஷம் குடுங்க."

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். நீட்டிய கையை மடக்கவில்லை. "அஞ்சுதான்."

பட்டுச்சேலையோடு டாஷ்போர்டுக்குக் கீழே முழங்கால் போட்டேன். குமிழைப் பூஜ்யத்துக்கு இறக்கி, "ஆக்சிலரேட்டரைத் தரையோட மிதிச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க!" என்றேன். எஞ்சின் இழுத்தது... இழுத்தது... தும்மியது... பிடித்துக்கொண்டது! ஆனால் அத்தை முறுக்கிய முறுக்கில் குமிழ் தண்டிலேயே வழுக்கி, என் நகப்பூச்சுப் புள்ளி எங்கேயோ போயிருந்தது. கூட்டினால் புகை, குறைத்தால் வெடி. பதற்றத்தில் எனக்கு எல்லாச் சத்தமும் ஒன்றாகவே கேட்டது.

"தள்ளு," என்றார் அத்தை.

முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, குமிழை இரண்டு விரலால் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டார். பால் பொங்குவதற்கு முன்னால் அடுப்பைத் தணிப்பாரே, அதே முகம். கொஞ்சம் ஏற்றினார். கொஞ்சம் இறக்கினார். எஞ்சின் சீறல் அடங்கி ஒரே சீராக உறுமியது.

"இப்பத்தான் வயிறு நிறைஞ்ச சத்தம். போடா அந்தோணி!"

போனோம்! பாலமேட்டில் அத்தை ஒரு மயிரிழை கூட்டினார், இறக்கத்தில் குறைத்தார். படித்து அறிந்த நான் ஒரே இடத்தில் புள்ளி வைத்தேன். அவர் ரோட்டைக் கேட்டுக் கேட்டுப் பரிமாறினார். அந்தக் கார் அப்படி ஒருநாளும் ஓடியதில்லை. கோயில் வாசலில் மணி அடிக்கத் தொடங்கும்போது ஸ்டெல்லா காலை எடுத்துக் கீழே வைத்தாள். என் சேலையில் கரி, மூக்கில் கரி. கல்யாணப் படத்தில் நான் மட்டும் அடுப்படியிலிருந்து ஓடிவந்த மாதிரி நிற்கிறேன்.

தாமஸ் மாமா காரைச் சுற்றி வந்து, "எப்ப எடுத்துக்கட்டும் அக்கா?" என்றார்.

"எடுக்கிறதா?" என்றார் அத்தை. "இதை ஓட்ட ரெண்டு பேர் வேணும்டா. ஒரு ஆள் நானு."

கார் எங்களோடேயே இருந்தது, பிறந்தபோது இருந்த அதே பெட்டியோடு. (ஆ செங் வந்து பார்த்துவிட்டு, தன் ரேடியோவையும் தரவா என்று கேட்டார்.)

சாமியார், காரிடம் சொன்ன பொய்க்கு அபராதம் எதுவும் போடவில்லை. மாமியாரிடம் சொன்னதற்கு மட்டும் பத்து அருள் நிறைந்த மரியே. செபித்து முடித்துவிட்டேன். ஆனால் அத்தையின் அபராதம் இன்னும் முடியவில்லை. போன மாதம் புதிதாகத் துணி துவைக்கும் மெஷின் வந்தது. தொண்ணூறை நெருங்கும் அத்தை, தடியை ஊன்றிக்கொண்டு வந்து அதன் குமிழைக் காட்டினார்.

"இது என்னம்மா?"

"தண்ணி அளவு, அத்தை."

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கூடத்துப் பக்கம் திரும்பி, "டேய் அந்தோணி, இங்க வா. இவ தண்ணிங்கிறா. நீ வந்து பாத்துச் சொல்லு!"