சீவல் சீவிய என் கீபோர்டு

ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை என்னை வயிறெரிய வைத்தவர்கள் பலர் உண்டு. அத்தனை பேரையும் ஒன்றாகக் கட்டி நிறுத்தினாலும் சீவலின் கால்தூசுக்கு வரமாட்டார்கள்.

அவன் நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. நசரத்பேட்டையில் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்த ஒலிப்பதிவு அறையில் பாட்டு மிக்ஸிங் செய்துகொண்டிருந்தான். அவன் முன்னால் ஈக்குவலைசர் என்றொரு பெட்டி. அதில் வரிசையாகக் குமிழ்கள். இடது கோடியில் தவிலின் கனத்த அடியோசை, வலது கோடியில் ஜால்ராவின் சிலுசிலுப்பு, நடுவில் மனிதக் குரல். குமிழை மேலே தள்ளினால் அந்த ஓசை கூடும், கீழே இழுத்தால் குறையும். ஊரே மேலே தள்ளிக்கொண்டிருந்த எண்பதுகளில் இவன் மட்டும் கீழே இழுத்தான். "கொஞ்சம் சீவிடலாம் மாமே" என்பான். பேர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அடக்கம் மருந்துக்கும் கிடையாது. விசில் காதைக் குத்துகிறது, தேய்த்துத் தருகிறேன் என்று பஸ் கண்டக்டரிடம் அரத்தை நீட்டியவன். ஒரு சர்ச்சில் ஃபாதரின் பிரசங்கம் கொழகொழவென்று இருக்கிறது என்று மைக்கின் அடியோசையைச் சீவிவிட்டான். அன்றுதான் ஜனங்களுக்குப் பிரசங்கம் தெளிவாகப் புரிந்தது. அடுத்த வாரம் கூட்டம் பாதியாகிவிட்டது.

நான் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். பாடகி ஸ்டெல்லா. அவளுக்காகத்தான் ஒத்திகைக்கே போவேன் என்பது அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். பக்திப் பாடல் கேசட் ஒன்று போட முடிவாயிற்று. ஸ்டெல்லாவின் அப்பா ராணுவத் தொழிற்சாலைப் பட்டறையில் இரும்படிப்பவர். மகள் பாடும்போது அவள் முகத்தையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்தக் கேசட்டோடு பாட்டை விட்டுவிட்டு டைப்ரைட்டிங் கற்றுக்கொள் என்று சொல்லிவிட்டார்.

மிக்ஸிங் நாளன்று சீவல் கை வைத்தது என் கீபோர்டில்தான். என் இடது கை வாசித்த அடியோசையெல்லாம் காணாமல் போயிற்று. சண்டைக்குப் போனேன்.

"அவ பாடற எடத்துல நீயும் பூந்துக்கினு நிக்கிற. கொஞ்சம் தள்ளிக் குந்து மாமே" என்றான்.

ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு வாரம் செரிக்கவில்லை.

அதற்கு மேல் ஒரு செய்தி வந்தது. சீவல் சாயங்காலமானால் எவர்சில்வர் தட்டு, தம்ளர் சகிதமாகப் பட்டாபிராமில் ஸ்டெல்லா வீட்டுக்குப் போகிறான் என்று எங்கள் டிரம்ஸ்காரன் சொன்னான். சீர்வரிசைத் தட்டேதான் என்று முடிவுகட்டினேன். நேரே போய்விட்டேன்.

ஸ்டெல்லாவின் அப்பா கண்ணை மூடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சீவல் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று தம்ளரைத் தட்டினான். அவர் அசையவில்லை. பெரிய தட்டைத் தட்டினான். கை தூக்கினார். ஸ்டெல்லா அவனுக்கு மட்டும் டீ கொண்டுவந்தாள்.

என்னைப் பார்த்ததும் சீவல் வெளியே தள்ளிக்கொண்டு வந்தான்.

"பட்டறை சத்தத்துல மனுசனுக்குக் காது பாதி பூட்ச்சு. சொல்லாம மறைச்சிக்கினு கீறாரு. எந்த சத்தம் உள்ள போவுதோ, பொண்ணு கொரல அங்க குந்த வெக்கணும்."

இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்னும் எரிந்தது. விடவில்லை. அதே பாட்டை என் இஷ்டப்படி நானும் மிக்ஸ் செய்தேன். இரண்டு கோடிகளையும் மேலே தள்ளினேன், நடுவை இறக்கினேன். அந்த அறையின் பெரிய ஸ்பீக்கரில் மண்டபமே அதிர்வதுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும், அவர்கள் வீட்டுச் சின்ன டேப்ரெக்கார்டரில் முதலில் என்னுடையதைப் போட்டேன். டொம்டொம் என்றது. அப்பா மரியாதைக்குத் தொடையில் தாளம் போட்டபடி ஜன்னலைப் பார்த்தார். அடுத்து சீவலுடையது. தாளம் நின்றது. எழுந்து வந்து டேப்ரெக்கார்டர் பக்கத்தில் குனிந்தார்.

"'வாசலில் நிற்கிறேன்'னா பாடற நீ?" என்றார் மகளிடம். அவள் தலையாட்டினாள். "இத்தினி நாளா நீ வாயசைக்கிறத்தாம்மா பாத்துக்கினு இருந்தேன்."

மறுபடி போடச் சொன்னார். மறுபடியும். டைப்ரைட்டிங் பேச்சு அந்த வீட்டில் அப்புறம் எழவே இல்லை.

சீவலுக்குக் கல்யாண எண்ணமே இருந்ததில்லை. ஸ்டெல்லா என்னைத்தான் கட்டிக்கொண்டாள். ஆனாலும் டிவியில் எந்தப் பாட்டு வந்தாலும் "சீவல் அண்ணன் இருந்தா இத சீவியிருப்பாரு" என்கிறாள். இன்றைக்கும் எரிகிறது.

போன வாரம் அவள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, அந்தக் கேசட்டைத் தனியாகப் போட்டுக் கேட்டேன். அவள் மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் என் கீபோர்டு தெளிவாகக் கேட்கிறது. அவள் குரலுக்குப் பக்கத்தில் எவ்வளவு பாந்தமாக என்னை உட்கார வைத்திருக்கிறான், பாவி.