முப்பத்தெட்டாம் எண்ணுக்கு ஒரு சாட்சி கூட இல்லை

பிளாயா ஓண்டா, புவெர்த்தோ ரிக்கோ
செவ்வாய்க்கிழமை மதியம், கரண்ட் இல்லை

என் மதிப்புக்கும், கொஞ்சம் என் பயத்துக்கும் உரிய சொராய்தா சித்திக்கு,

உங்கள் அக்கா மகன் நெஃப்தலி வணங்கி எழுதுவது. நியூயார்க் குளிரில் நீங்களும் சித்தப்பாவும் அந்தக் கண் தெரியாத பூனையும் சுகமாக இருக்கக் கார்மென் மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே அம்மா சுகம். கோழிகள் சுகம். நான் மட்டும் செத்துக்கொண்டிருக்கிறேன். இதையெல்லாம் வாட்ஸ்அப்பிலேயே சொல்லியிருப்பேன். போன மாதம் ஒரே நாளில் அறுபத்திரண்டு பதிவுகளில் உங்களை டேக் செய்தேன் என்பதற்காக நீங்கள் என்னை எல்லா இடத்திலும் பிளாக் பண்ணிவிட்டீர்கள். அதனால் வாழ்க்கையில் முதல் தடவையாக ஸ்டாம்ப் வாங்கினேன். எந்த மூலையில் ஒட்டுவது என்று தபால்காரரைக் கேட்டேன், அவர் உள்ளே போய் இன்னொருவரையும் கூட்டிவந்து சிரித்தார். என் நிலைமை இந்த அளவில் இருக்கிறது.

விஷயம் இதுதான். புயலில் போன நம் பேஸ்பால் மைதானத்தை ஒருவழியாகக் கட்டி முடித்துவிட்டார்கள். இப்போது அதற்குப் பெயர் வைக்க வேண்டுமாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, சொல்லுங்கள்! எவாரிஸ்தோ பொமாலெஸ், நம் வாரோ, முப்பத்தெட்டாம் நம்பர் சட்டை, பதினான்கு வருஷம் அமெரிக்கப் பெரிய லீகில் நடு மைதானத்தில் நின்று வேலியில் மோதி மோதிப் பந்து பிடித்த மனுஷன், புயலுக்குப் பிறகு ஊர் ஊராகத் தண்ணீர் ட்ரம் சுமந்து, அந்தச் சேற்றிலேயே எலிக்காய்ச்சல் வந்து செத்துப்போன மனுஷன், அவர் பெயரை வைக்காமல் யார் பெயரை வைப்பார்கள் என்று நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன். 'எப்போதும் 38' என்று நான் நடத்தும் பக்கத்தில் பதினான்காயிரம் பேர் இருக்கிறார்கள், அவர் அடித்த ஒவ்வொரு ஹோம் ரன்னும் அதில் வீடியோவாக இருக்கிறது, எந்த அடிக்கு எந்தப் பக்கம் காற்று வீசியது என்று கூட நான் எழுதியிருக்கிறேன். ஆனால் நகராட்சிக் கமிட்டித் தலைவி இலுமினாதா அம்மாள் என்ன சொல்கிறார்? "ஆட்டத்துக்கு ஏற்கனவே கோப்பை குடுத்தாச்சு தம்பி. மைதானத்துக்குப் பேர் வெக்கணும்னா ஊருக்கு என்ன செஞ்சார்னு காட்டணும்." சரி, காட்டுகிறேன் என்றேன். அப்போதுதான் தெரிந்தது, போட்டிக்கு ஒரு ஆள் இருக்கிறார். யார்? மெத்தைக் கடை புல்ஹென்சியோ முதலாளி! வருஷா வருஷம் கிறிஸ்துமசுக்கு ஏழைகளுக்கு மெத்தை கொடுக்கிறார் இல்லையா, ஒவ்வொரு மெத்தைக்கும் ஒரு போட்டோ எடுத்து வைத்திருக்கிறார், நானூற்றுப் பன்னிரண்டு போட்டோ, எல்லாவற்றிலும் அவரும் மெத்தையும் தெளிவாக இருக்கிறார்கள், வாங்குகிறவருக்குப் பாதி முகம்தான்.

வாரோ உதவி செய்கிற மாதிரி எத்தனை போட்டோ இருக்கிறது தெரியுமா சித்தி? பூஜ்யம். நானும் மூன்று நாள் சாப்பிடாமல் இணையம் முழுக்கத் தோண்டினேன். அவர் எச்சில் துப்புவதற்குப் போட்டோ இருக்கிறது. அம்பயரோடு சண்டை போடுவதற்கு இருக்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுப்பதற்கு இல்லை. கேமராவைப் பார்த்தாலே ஓடுவாராம். தண்ணீர் ட்ரம் சுமந்ததைச் சொன்னேன். அதற்கு இலுமினாதா அம்மாள், "அப்ப நானுந்தான் சுமந்தேன், ஊரே சுமந்துச்சு" என்று முதுகைத் தடவிக் காட்டுகிறார். "போட்டோ இல்லேன்னா சாட்சி கொண்டு வா. ஆனா அடுத்தவன் கதை வேணாம். எனக்கு இதைச் செஞ்சார்னு வாங்கினவங்களே வந்து சொல்லணும்."

இது போதாதா! ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்களே, உர்சுலோ மாமா படகுக்கு மோட்டார் வாங்கிக் கொடுத்தது வாரோ, நெரெய்தா டீச்சர் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டது வாரோ, வில்மா அக்கா புருஷனுக்குச் சிறுநீரகம் கெட்டு வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி போகவேண்டி வந்தபோது வேன் ஏற்பாடு செய்தது வாரோ. நான் வீடு வீடாகப் போனேன். எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "வாரோவுக்காகவா? வராம இருப்போமா தம்பி!" என்றார்கள். நானும் மகிழ்ந்துபோய் எல்லோருக்கும் 38 போட்ட சட்டை அச்சடித்துக் கொடுத்தேன். வருவீர்களா என்று கேட்ட முட்டாள், வந்து என்ன சொல்வீர்கள் என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை கூட்டம். நேரலை போட்டேன், ஒன்பதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் உர்சுலோ மாமா மைக் முன்னால் வந்தார்.

"உங்க படகு மோட்டார் யார் குடுத்தது?" என்று இலுமினாதா அம்மாள் கேட்டார்.

"யாரும் குடுக்கல. கடல்ல கெடச்சுது."

"கடல்லயா?"

"ஆமா. மெதந்து வந்துச்சு."

"இரும்பு மோட்டாரா?"

"அன்னிக்கு அலை கொஞ்சம் ஜாஸ்திம்மா."

நான் எழுந்து, மாமா, ஞாபகப்படுத்திப் பாருங்க என்று கத்தினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, தொப்பியைத் திருகிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அடுத்து நெரெய்தா டீச்சர். முப்பது வருஷம் பொய் சொன்ன பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்தவர். பள்ளிக்கூடத்துக் கூரை எப்படி வந்தது என்று கேட்டால், "புயல்ல பறந்து போச்சு, அப்புறம் புயல்லயே திரும்பி வந்துச்சு" என்கிறார். "வேற கலர்ல வந்திருக்கே டீச்சர்?" என்று கமிட்டியில் ஒருத்தர் கேட்டதற்கு, "தூரம் போயிட்டு வந்தா கலர் மாறாதா?" என்று அவரையே முறைத்தார், அந்த ஆள் டீச்சரின் பழைய மாணவர், பயந்து உட்கார்ந்துவிட்டார்.

வில்மா அக்காவாவது காப்பாற்றுவார் என்று பார்த்தேன். பீச்சில் நண்டு வைத்த அல்காபுரியா வடை பொரித்துக்கொண்டிருந்தவர் அடுப்பைக் கூட அணைக்காமல் ஓடிவந்திருந்தார். மைக்கைப் பிடித்ததும் அழ ஆரம்பித்துவிட்டார். அப்பாடா என்று நினைத்தேன், அழுகை ஒன்பதாயிரம் பேருக்குப் போய்ச் சேரும் என்று நினைத்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு என்ன சொன்னார் தெரியுமா? "வாரோவா? ஒரு பைசா குடுத்ததில்ல. பரம கஞ்சன். எங்கிட்ட அல்காபுரியா வாங்குனா ரெண்டு சாஸ் பாக்கெட் சேர்த்து எடுத்துட்டுப் போவான்." அவ்வளவுதான் சித்தி, அணை உடைந்த மாதிரி ஆகிவிட்டது. பின்னால் இருந்த ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து, "எனக்கும் ஒண்ணும் செய்யல!", "என் வீட்டுப் பக்கம் தலை வெச்சுப் படுக்கல!", "வணக்கம் சொன்னாக்கூட வாங்க மாட்டான்!" என்று கத்த, எல்லோர் நெஞ்சிலும் நான் அச்சடித்த 38! குமாஸ்தா அத்தனையையும் நகராட்சிக் குறிப்பேட்டில் எழுதினார். இனி நூறு வருஷம் கழித்து எவனாவது அதைப் புரட்டினால், எவாரிஸ்தோ பொமாலெஸ் என்பவர் சாஸ் பாக்கெட் திருடன் என்றுதான் படிப்பான்.

இதில் உச்சம் என்ன தெரியுமா? புல்ஹென்சியோ முதலாளிக்கே பொறுக்கவில்லை. போட்டோ ஆல்பத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்தார். "அடப்பாவிங்களா, வாரோவா கஞ்சன்? இந்த மெத்தைக்கெல்லாம் யாரு காசு..." என்றவர் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். கழுத்தில் கிடந்த மாதா படத்தைத் தொட்டு முத்தமிட்டார், முகம் தக்காளி மாதிரி ஆகிவிட்டது, ஆல்பத்தைப் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு கெஞ்சியும் மீதியைச் சொல்லவில்லை. "எனக்குத் தொண்டை கட்டியிருக்கு, என்னை விடு" என்கிறார்.

நேரலையில் என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டார்கள். "உங்க ஆளு சாஸ் திருடனாமே" என்று எதிர் அணிக்காரன் ஒருவன் பாட்டே போட்டுவிட்டான், அதற்கு நாற்பதாயிரம் லைக். நன்றி கெட்ட ஊர் சித்தி இது! அந்த மனுஷன் இவர்களுக்காகச் செத்தார், இவர்களுக்கு ஒரு வாக்கியம் சொல்ல வாய் வரவில்லை. மைதானத்தில் அவர் ஆடியதை நான் நேரில் பார்த்தது இரண்டே தடவை, மிச்சமெல்லாம் வீடியோதான், அவரிடம் நான் ஒரு துரும்பு வாங்கியதில்லை, ஆனால் இந்த ஊரில் அவருக்காகத் தூங்காமல் இருக்கிறவன் நான் ஒருத்தன்தான். பக்கத்தை மூடிவிடலாம் என்று இரண்டு தடவை பட்டன் வரைக்கும் விரலைக் கொண்டுபோனேன்.

கடைசி வாய்ப்பு வருகிற வாரம் வியாழக்கிழமை, காலை பத்து மணி. அன்றைக்கே முடிவு. இலுமினாதா அம்மாள் இரக்கப்பட்டு, வெளியூரில் இருக்கிறவர்கள் கையெழுத்துப் போட்ட கடிதமும் செல்லும் என்றிருக்கிறார். சித்தி, நீங்கள் அந்தக் காலத்தில் அவர் தெருவிலேயே குடியிருந்தீர்கள். உங்களுக்கு ஏதாவது செய்திருப்பார், ஒரு மூட்டை அரிசியாவது, ஒரு ஊசி மருந்தாவது. எழுதுங்கள். உண்மையை எழுதுங்கள். இந்த ஊரில் உண்மை பேசுகிற வம்சம் நம்முடையது ஒன்றுதான் என்று காட்டுவோம். கடிதம் வராவிட்டால் நம் மைதானத்துக்கு மெத்தைக் கடைப் பெயர், நான் அதற்குள் காலடி வைக்க மாட்டேன், பேஸ்பால் பார்ப்பதையே விட்டுவிட்டு செஸ் பார்க்கப் போகிறேன்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். பூனையைத் தடவிக் கொடுங்கள். உங்கள் முட்டிவலி குறைந்து, அந்த மாடிப்படி உங்களுக்குத் தரையாக மாற மாதா அருள் செய்யட்டும். முடிந்தால் என்னை அன்பிளாக் பண்ணவும் உங்களுக்கு மனசு தரட்டும்.

நம்பிக்கை இழந்தும் உங்களை நம்பும்,
நெஃப்தலி

பி.கு.: சித்தி, எதையும் எழுதாதீங்க! கவரை ஒட்டுறதுக்கு முன்னாடி அம்மா இதைப் படிச்சுட்டா. படிச்சுட்டு, "சட்டையக் கழட்டு"ன்னா. கழட்டினேன். "நெஞ்சுல இந்தத் தழும்பு எப்படி வந்துச்சுன்னு சொல்லியிருக்கேன்?" மாமரத்துலருந்து விழுந்தேன்னு சொல்லியிருக்கே, ஒரு வயசுல, அப்படின்னேன். "ஒரு வயசுல எவன்டா மாமரம் ஏறுவான், மடையா?"ன்னு கேட்டா. இருபத்தோரு வருஷமா நான் இதை யோசிக்கவே இல்ல சித்தி. அப்புறம் எல்லாத்தையும் சொன்னா. இதயத்துல ஓட்டை, பிலடெல்பியா ஆஸ்பத்திரி, செலவு மொத்தமும் வாரோ, அவரே காரோட்டி ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோனது, பிளேன்ல என்னை மடியில வெச்சிருந்தது நீங்கன்னு. கிளம்பும்போது உங்களையும் அம்மாவையும், இதை வெளிய சொல்லவே மாட்டோம்னு கார்மென் மாதா மேல சத்தியம் பண்ணச் சொன்னாராமே. ஏன்னு அம்மா கேட்டதுக்கு, "நான் பந்தைக் கோட்டைவிட்டா இந்த ஊரு என்னைத் திட்டணும். எங்கிட்ட வாங்கினவன்னு தெரிஞ்சா, அவன் என்னைத் திட்டப் பக்கத்துல இருக்கறவன் விடமாட்டான். யாரும் திட்டலேன்னா நான் எப்படி ஆடுறது?"ன்னாராம். ஊர்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் இதே சத்தியம்தானாம். நீங்களும் அந்தச் சத்தியத்துக்குள்ள இருக்கறதால உங்களுக்கு எழுதலாம்னு அம்மா சொன்னா. நானும் சமையலறையிலயே முட்டி போட்டு அதே சத்தியத்தைப் பண்ணிட்டேன். மேலே எழுதினது மொத்தமும் பொய், படிச்சதும் கிழிச்சுடுங்க. ஸ்டாம்ப் வாங்கிட்டேன், அதான் அனுப்புறேன். சாட்சிக் கடிதம் ஏற்கனவே எழுத ஆரம்பிச்சிருந்தா, உங்க கல்யாணத்துக்கு வந்து மூணு தட்டு பன்றி வறுவல் சாப்பிட்டுட்டு ஒரு பரிசு கூட வெக்காமப் போன ஆளுன்னு முடிச்சுடுங்க. வியாழக்கிழமை நான் மைக் முன்னாடி நிக்கப் போறேன். எனக்கும் ஒண்ணும் செய்யலன்னு சொல்லணும், அழாமச் சொல்லணும். அப்போலேருந்து கண்ணாடி முன்னாடி பழகிக்கிட்டிருக்கேன், இன்னும் ஒரு தடவை கூட வரல.