கருத்தக்கண்ணனுக்குச் சீ ஏறியது

வைகாசி பிறந்து மூன்றாம் நாள். நாற்றங்காலுக்கு விதை ஊறிக்கொண்டிருந்தது. குப்பைக்குழியில் எரு மலைபோலக் கிடந்தது. அந்த நேரம் பார்த்துக் கருத்தக்கண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து, தான் இனி நூறு நாளைக்கு மரமாக நிற்கப்போவதாக அறிவித்தான்.

"மரமாவா?" என்றாள் சங்கிலியம்மாள். "அப்ப இம்புட்டு நாளும் எப்பிடி நின்னீக?"

கருத்தக்கண்ணனுக்குச் சுருக்கென்றது. ஒரு மனுஷன் தன் ஆயுசிலேயே முதல் தடவையாக ஓர் உயர்ந்த காரியத்தை எடுத்துச் சொல்கிறான். அதைக் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு கேட்டால் என்ன குறைந்துவிடும் இவளுக்கு?

"கிண்டலா பண்ற? இது சீனத்து வித்தை. உடம்புக்குள்ள ஒரு சக்தி ஓடுது. அதுக்குப் பேரு சீ."

"சீ!"

"ஆமா. சீ."

"நான் பேரச் சொல்லல. கேட்டதும் தானா வந்துருச்சு."

கருத்தக்கண்ணன் பினாங்கில் பதினோரு வருஷம் இருந்தவன். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களையெல்லாம் கப்பலேற்றி அனுப்பியபோது அவனும் கம்பத்துக்குப் பக்கத்திலிருந்த தன் ஊருக்குத் திரும்பி வந்தான். அவனோடு வந்தது ஒரு தகரப்பெட்டி, ஒரு குடை, இந்த வித்தை. அங்கே லிம் என்று ஒரு சீனர் மருந்துக்கடை வைத்திருந்தார். கடைசி நாலு வருஷம் கருத்தக்கண்ணன் அவர் கடையில்தான் மூட்டை தூக்கினான். லிம்முக்கு எழுபது வயசு. முதுகு மட்டும் நட்டுவைத்த மூங்கில். விடிந்ததும் கடைக்குப் பின்னால் போய், முழங்காலை லேசாக மடக்கி, ஒரு பெரிய பானையைக் கட்டிப்பிடிப்பதுபோலக் கைகளை வளைத்துக்கொண்டு அரைமணி நேரம் அசையாமல் நிற்பார். மூச்சு அடிவயிற்றுக்குப் போகும், வரும். அந்தச் சக்திக்கு அவர் சொன்ன பேர் சரியாக என்னவோ, கருத்தக்கண்ணன் காதில் சீ என்றுதான் விழுந்தது.

"நூறு நாள் நின்னா அடிவயித்துல சீ சேந்துரும். சேந்துட்டா நோய் வராது, நரை வராது, கோவம் வராது."

"கோவம் வராதா?"

"வராதுன்னு சொல்றேன்ல!" என்று கத்தினான் கருத்தக்கண்ணன். "குறுக்க குறுக்கப் பேசாத. அந்த நூறு நாளும் கனத்த வேலை பாக்கக்கூடாது. மம்பட்டியத் தொடவே கூடாது."

சங்கிலியம்மாள் விரலை மடக்கி எண்ணினாள். "வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி எட்டு. உழவு, நடவு, களையெடுப்பு எல்லாம் முடிஞ்சிருக்கும். ஏங்க, அந்தச் சீனரு நம்ம ஊரு வெள்ளாமையப் பாத்துக் கணக்குப் போட்டா சொன்னாக?"

உண்மையைச் சொன்னால், மம்பட்டியைப் பற்றி லிம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. அது கருத்தக்கண்ணன் சேர்த்தது. ஆனால் அதைப் பொய் என்று யாராவது சொன்னால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். குருநாதர் சொல்லாமல் விட்டதைச் சிஷ்யன் விளக்கிச் சொல்வது பொய்யாகுமா?

மறுநாள் மாட்டுக்கொட்டத்துக்குப் பின்னால், வாதநாராயண மரத்தடியில் நின்றான். பக்கத்து வீட்டு மொக்கம்மாள் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"மதினி! அண்ணன் யாரையோ கட்டிப் பிடிச்சாப்புல நிக்கிறாக. அங்கன ஆளக் காணோமே?"

"நானும் தேடிப் பாத்துட்டேன்" என்றாள் சங்கிலியம்மாள், சாணியை அள்ளிக்கொண்டே. "யாருமில்ல. இருந்தா அவளயாவது எருச் சுமக்கக் கூப்புடலாம்."

கருத்தக்கண்ணன் பல்லைக் கடித்தான். பல்லைக் கடிக்கக்கூடாது, நாக்கு நுனி மேலண்ணத்தில் லேசாகப் படவேண்டும் என்பது லிம்மின் விதி. இந்த இரண்டு பெண்களுக்கு நடுவே நின்றிருந்தால் லிம்மும் கடித்திருப்பார்.

ஆனால் வித்தை பொய்யில்லை. பத்தாம் நாள் தொப்புளுக்குக் கீழே, இளஞ்சூட்டில் ஒரு கருங்கல்லை வைத்தாற்போல இதமாக ஒரு சூடு வந்தது. கை விரல் நுனியெல்லாம் துறுதுறுவென்றது. கருத்தக்கண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அரைமணிக்கு மேல் நிற்காதே, மெதுவாக, மெதுவாக என்று லிம் தினமும் சொல்வார். அதெல்லாம் சீனத்துச் சோறு தின்கிற உடம்புக்கு என்று கருத்தக்கண்ணன் முடிவு கட்டினான். அரைமணியை ஒருமணியாக்கினான். ஒருமணியை மூன்று மணியாக்கினான். சூட்டைப் பிடித்து முதுகு வழியாக மேலே ஏற்று, ஏற்று என்று மனசால் விரட்டினான்.

அது ஏறியது.

முதலில் தொடை நடுங்கியது. பிறகு, அவன் கேட்காமலே, தோள் இரண்டும் குலுங்க ஆரம்பித்தன. முதுகுத்தண்டில் கட்டெறும்பு வரிசை போட்டு ஏறுவதுபோல ஒரு குறுகுறுப்பு. காதுக்குள் உறுமிச் சத்தம். தலை நெல் கொட்டுகிற குலுக்கை அளவுக்கு வீங்கிவிட்டதுபோல ஓர் எண்ணம். நிலைப்படியில் இடிக்குமோ என்று ஒவ்வொரு தடவையும் குனிந்தே வீட்டுக்குள் போனான். கண்ணை மூடினால் நீலமும் மஞ்சளுமாக வெளிச்சம் சுற்றியது. ராத்திரித் தூக்கம் போயிற்று. பசி போயிற்று.

போதாததற்கு, அடுத்த தெரு கஸ்தூரியம்மாளின் மாமனார் தவறிப்போன துட்டிக்குப் போன இடத்தில், பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தபோது, கருத்தக்கண்ணனுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது. அடக்கினான். அடங்கவில்லை. பந்தல்கால் அதிரச் சிரித்தான்.

"அவுகளுக்கு ரொம்ப வேண்டியவரு" என்றாள் சங்கிலியம்மாள், சட்டென்று முந்தானையால் அவன் வாயைப் பொத்தி. "அழுகதான் சிரிப்பா மாறி வருது."

வீட்டுக்கு வந்ததும் மொக்கம்மாள் யோசனை சொன்னாள். "மதினி, இது காத்துக் கருப்பு. கோடாங்கியக் கூப்புட்டு வேப்பிலையால நாலு சாத்துச் சாத்தச் சொல்லுங்க."

"பேயா!" என்று குதித்தான் கருத்தக்கண்ணன். "நான் படிப்படியா மேல ஏறிக்கிட்டிருக்கேன். இதுகளுக்குப் பேயாத் தெரியுது! இந்த ஊருல ஒருத்தனும் உருப்படாததுக்கு இதான் காரணம்!"

குதித்தானே ஒழிய உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் கழித்து, காலையில் நின்றுகொண்டிருக்கும்போது, திடீரென்று கை இருக்கிற இடம் தெரியவில்லை. கால் இருக்கிற இடம் தெரியவில்லை. நெஞ்சு மட்டும் தனியாக அந்தரத்தில் நின்று அடித்துக்கொண்டது. எதற்கென்று தெரியாமல் கண்ணீர் வழிந்தது. இப்படியே கரைந்து ஒன்றுமில்லாமல் போய்விடுவோம் என்று தோன்றியது.

"சங்கிலி" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

அவளுக்குக் கேட்டது. கையிலிருந்த கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவனை மரத்தடியில் உட்காரவைத்தாள். அவன் இரண்டு பாதத்தையும் தன் மடிமேல் இழுத்து இறுக்கிப் பிடித்தாள்.

"இங்கன இருக்கு உங்க காலு. நான் பிடிச்சிருக்கேன். தெரியுதா?"

"...தெரியுது."

"விரல அசைங்க. ஆங். இது யாரு காலு?"

"என் காலு."

"அம்புட்டுத்தான். எங்கயும் போகல நீங்க."

கேப்பைக்கூழ் கரைத்துக் கொடுத்தாள். இரண்டு செம்பு குடித்தான். அன்றைக்கு முழுக்க அவள் ஒரு கிண்டல் வார்த்தை பேசவில்லை. நடுக்கத்தைவிட அதுதான் கருத்தக்கண்ணனை அதிகமாகப் பயமுறுத்தியது.

மறுநாள் சங்கிலியம்மாள் கம்பம் சந்தைக்குப் போய்வந்தாள். அதற்கடுத்த நாள் மத்தியானம் அவன் எதிரே வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரையில் உட்கார்ந்தாள். கல்யாணமான இருபது வருஷத்தில் அவள் அப்படி உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்க நாலு தேசம் பாத்தவுக. நீங்கதான் வெளக்கமாச் சொல்லணும். சீ இப்பிடித் தலைக்கு ஏறிக்கிட்டா, அந்தப் பெரியவரு என்ன செய்யச் சொன்னாக?"

கருத்தக்கண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கடைசியில் அறிவு வந்ததே! "அப்பிடிக் கேளு. ஏறின சீயக் கீழ எறக்கணும். பயப்படவும் கூடாது, அதோட மல்லுக்கட்டவும் கூடாது. வெளிச்சம் தெரிஞ்சா அது பின்னாடியே போகக்கூடாது. நினைப்பு உள்ளங்கால்ல இருக்கணும்."

"ஆகா. அப்புறம்?"

"வெறுங்கால்ல ஈர மண்ணுல நிக்கணும். மண்ணு சீயக் கீழ இழுக்கும்."

"கண்ணு எங்கன பாக்கணும்?"

"கீழ. தரையவே பாக்கணும்."

"நிமிந்தா நிக்கணும்?"

"குனிஞ்சு நிமிரணும். பைய, மூச்சுக்கு ஒரு தடவ. அப்புறம் பின்னாடியே நடக்கணும். பின்னாடி நடந்தா நினைப்பு மண்டையில நிக்காது, காலுக்கு எறங்கிரும்."

"கை?"

"கை சும்மா இருக்கக்கூடாது. பொறுமையா எதையாவது செஞ்சுக்கிட்டே இருக்கணும்."

சங்கிலியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "வெறுங்காலு, ஈரமண்ணு, கீழ பார்வை, குனிஞ்சு நிமிந்து, பின்னாடி நடை, கைக்கு வேல. நாளைக்குக் காலையில நம்ம வயல்ல நடவு. ஒரே எடத்துல அம்புட்டும் இருக்கு. வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு வந்துருங்க."

கருத்தக்கண்ணன் துள்ளி எழுந்தான்.

"நடவு பொம்பளைக வேலடி!"

"சீக்கு ஆம்பள பொம்பள தெரியுமா? பெரியவரு அப்பிடி ஏதும் சொன்னாகளா?"

சொல்லவில்லை. இந்த இடத்தில் ஏதாவது சேர்க்கலாமென்று பார்த்தால், தலைக்குள் உறுமிச் சத்தத்தில் ஒன்றும் தோன்றவில்லை.

பெரியாற்றுத் தண்ணீர் திறந்து, பள்ளத்தாக்கு முழுக்க வயலெல்லாம் கண்ணாடியாகக் கிடந்த நேரம். வரிசையில் பெண்கள். நடுவில் கருத்தக்கண்ணன். முழங்கால் வரைக்கும் சேறு, இடது கையில் நாற்று முடி. அவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் கொக்குகள் பறந்து போயின.

"அண்ணே, மூணு மூணா நடுங்க! நீங்க கொத்தாப் பதிக்கிறீகளே, அது என்ன நாத்தா, பூங்கொத்தா?"

கருத்தக்கண்ணன் கொத்தைப் பிரித்து மூன்று மூன்றாக நட்டான். பினாங்கு பார்த்தவனுக்கு இந்த நிலைமை! ஆனால் அவமானத்தை ஆற அமர அனுபவிக்கவும் நேரமில்லை. நட்டு நிமிர்வதற்குள் அடுத்த அடி. குனிந்தான், நட்டான், பின்னால் காலை வைத்தான். சேறு உள்ளங்காலை இழுத்துப் பிடித்தது. பத்து அடி போனதும் காதுக்குள் உறுமி தூரமாகிப்போனது. பாதி வயலில் தலை பழைய அளவுக்கு வந்தது. கஞ்சி வேளைக்கு அவனுக்கு அகோரப் பசி. வரப்பில் உட்கார்ந்து மூன்று செம்பு குடித்தான். குடித்தபிறகுதான் யோசித்தான்: வரிசையில் தன் உடம்பு அகலத்துக்குச் சரியாக ஓர் இடம் காலியாக இருந்ததே, எப்படி?

"சங்கிலி மதினி சொல்லித்தான்" என்றாள் மொக்கம்மாள். "ஒரு ஆளு கொறச்சுக் கூப்புடு, வீட்டுல இருந்து ஒரு ஆளு வருதுன்னு முந்தாநாளே சொல்லிட்டாகளே."

முந்தாநாளா? அந்தப் பேச்சே நேற்றுத்தானே நடந்தது!

சாயங்காலம் சேற்றுக் காலோடு வீட்டுக்குள் வந்து அவன் போட்ட சத்தத்தில் மாடு மிரண்டது. "ஏமாத்தியிருக்க! எங்கிட்டயே கேட்டு, என் வாயாலயே சொல்ல வச்சு..."

"சந்தையில உங்க கூட்டாளி பிச்சைமணியப் பாத்தேன்" என்றாள் அவள், அடுப்பை ஊதிக்கொண்டே. "பினாங்குல உங்ககூட மூட்டை தூக்கினவுக. எல்லாம் சொன்னாக. உள்ளங்காலு, ஈரமண்ணு எல்லாம். நான் சொன்னா நீங்க கேப்பீகளா? அதான் நீங்களே சொல்லட்டும்னு விட்டேன்."

"அவன் என்னத்தக் கண்டான்!"

"இன்னொண்ணும் சொன்னாக. அந்தச் சீனரு காலையில நின்னு முடிச்சதும், தெனமும் கடைக்குப் பின்னாடி கீரைப்பாத்திய அவரே மம்பட்டியால கொத்துவாராம்ல?"

கருத்தக்கண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தான். துரோகி பிச்சைமணியை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கினான். இரண்டாவது கேள்வியிலேயே குறட்டை வந்துவிட்டது. ஒரு மாதத்தில் அப்படி ஒரு தூக்கம் அவன் தூங்கியதில்லை.

விடிந்தது. உடம்பு பஞ்சாக இருந்தது. நடுக்கமில்லை, எறும்பில்லை, வெளிச்சமில்லை. அந்த நிமிஷமே அவனுக்கு ஒரு வழி தெரிந்தது. எழுந்து போய் முற்றத்தில் காலை அகட்டி நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்:

"சீ எறங்கிருச்சு! பூரா எறங்கிருச்சு! இனி எனக்கு நடவு தேவையில்ல!"

வாசலில் மொக்கம்மாளும் மற்றப் பெண்களும் மேல்வயலுக்குப் போகக் காத்து நின்றார்கள். சங்கிலியம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம். கையில் மம்பட்டி.

"நல்லதாப் போச்சு. கொணமாயிட்டீகன்னா, ஓடைக்கரைப் பக்கம் வரப்பு வெட்டணும். ஒத்தை ஆளு வேல. வெயிலுக்கு முன்னாடி போனா பொழுது சாய முடிச்சுரலாம். கொஞ்சம் மிச்சம் இருக்குன்னா மட்டும் எங்ககூட நடவுக்கு வாங்க. உங்க உடம்பு, நீங்கதான சொல்லணும்? எறங்கிருச்சா, இருக்கா?"

கருத்தக்கண்ணன் மம்பட்டியைப் பார்த்தான். ஓடைக்கரையை நினைத்துப் பார்த்தான். பிறகு உச்சந்தலையை மெதுவாகத் தடவினான்.

"இந்தா, இங்கன கொஞ்சம் நிக்கிது" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெண்களுக்குப் பின்னால் நடந்தான்.