பதினேழு பாவங்களும் ஒரு காலேஜ் சீட்டும்

அடுத்தவனைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதச் சொன்னால் எவனும் எழுதிவிடுவான். தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னால்தான், பேனாவில் மை இருக்கிறதா என்று நாலு தடவை உதறிப் பார்ப்பான். நான் உதறியதில் சாந்தோம் வீட்டுச் சுவரில் விழுந்த நீலப் பொட்டுகள் மூன்று வெள்ளையடிப்பைத் தாண்டியும் அழியவில்லை.

யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணத்தில் பாதி பெட்டி கட்டிக்கொண்டு ஓடியது. அம்மாவையும் ரோஸ் அக்காவையும் திருச்சியில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அப்பாவும் நானும் மட்டும் தங்கினோம். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான் இன்டர்மீடியட் சேர வேண்டும். அப்பா ஆசைப்பட்ட காலேஜில் (பெயர் வேண்டாம், அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?) விண்ணப்பத்தோடு ஒரு பக்கம் இங்கிலீஷ் கட்டுரை கேட்டார்கள். தலைப்பு நம் இஷ்டம். ஆனால் சொந்த வாழ்க்கையைப் பற்றி இருக்க வேண்டும். அது தேறினால்தான் சீட்டு.

பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் என் இங்கிலீஷ் கட்டுரைகள் அத்தனையையும் எழுதியது ரோஸ் அக்கா. நான் பார்த்து எழுதுவேன் (அதிலும் பிழை விடுவேன்). ‘மழைநாள்’ என்ற கட்டுரைக்குப் பரிசே கிடைத்தது. அப்பா அதைச் சட்டம் போட்டு, கூடத்தில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். அக்காவோ பள்ளிப் படிப்பு முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தாள். பெண்பிள்ளைக்கு இது போதும் என்பது அப்பாவின் கணக்கு.

திருச்சிக்கு ரகசியமாகக் கடிதம் போட்டேன். பதில் வந்தது: “யானை, ஆத்தங்கரை, ரயில் பயணம்னா எழுதித் தரேன்டா. உனக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீயே எழுது.”

பீதியில் மயிலாப்பூருக்கு ஓடினேன். அங்கே பைண்டிங் கடைக்காரர் மகன் உஸ்மான் என் கூட்டாளி. விசாரணையை அவன் முறையாகவே நடத்தினான்.

“இன்னா நைனா, உன் வாய்க்கையில ஒண்ணுமே நடக்கலியா? யாராச்சும் செத்தாங்களா?”

“இல்ல.”

“கடல்ல வுயுந்து பொயச்சியா?”

“கடல் பக்கமே போனதில்ல. பயம்.”

அவன் என்னை இரக்கத்தோடு பார்த்தான். “பதினாறு வருசமா சும்மா கீற. அதையே எயுது.”

டைபாய்டு பற்றி ஆரம்பித்தேன். பாதியில்தான் நினைவு வந்தது, டைபாய்டு வந்தது அக்காவுக்கு. ஊரைவிட்டு ஓடியதைப் பற்றி எழுதலாமென்றால், நாங்கள் ஓடவில்லை. கடைசியில் சனிக்கிழமை வந்தது. வழக்கம்போல் கோவிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டபோது பளிச்சென்று புரிந்தது: வாராவாரம் என்னைப் பற்றி நான் பேசுகிற இடம் இது ஒன்றுதானே. வீட்டுக்கு ஓடிவந்து, குருவானவரிடம் சொல்கிற அதே முறையில் எழுதினேன். செய்த பாவம், செய்த தடவை, இரண்டும் வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததும் நேரில் வரச் சொன்னார்கள். காலேஜ் முதல்வர் தலைப்பாகையும் நெற்றியில் நாமமுமாக இருந்தார். பாவசங்கீர்த்தனத்தை அவர் ஜன்மத்தில் கேட்டதில்லை. பக்கத்தில் அப்பா, கல்யாணக் கோட்டில். முதல்வர் என் கட்டுரையைப் பஞ்சாங்கம் படிப்பதுபோல உரக்கப் படித்தார். அம்மாவிடம் பொய், சுமார் இருநூறு தடவை. பூசைக்கு வைத்த திராட்சை ரசத்தை ருசி பார்த்தது, இரண்டு. மாமிசம் ஆகாத வெள்ளிக்கிழமையில் உஸ்மான் வீட்டுப் பிரியாணி, ஒன்பது. பரீட்சை மண்டபத்தில் குண்டு விழ வேண்டுமென்று ஜெபம், ஒன்று (ஆள் இல்லாத நேரத்தில் என்று நிபந்தனை போட்டிருந்தேன்). பதினேழாவது பாவம், அக்கா எழுதியதை என் பெயரில் கொடுத்தது, அறுபத்தொன்று. கடைசியில், ஆக மொத்தம் என்று கூட்டல் வேறு.

அப்பா கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். அது கையோடு வந்துவிட்டது.

“இதை யார் எழுதிக் கொடுத்தா?” என்றார் முதல்வர்.

“நானேதான் சார்.”

“அது நன்னாத் தெரியறது.”

அன்று அவர் படித்த கட்டுரைகள் பலவற்றில் ஒரே தாத்தா, ஒரே செங்கல்பட்டு ஸ்டேஷனில், ஒரே மாதிரி மயங்கி விழுந்திருந்தாராம். பிறர் கை படாதது இது ஒன்றுதான் என்று சொல்லி எனக்குச் சீட்டு கொடுத்தார். இங்கிலீஷைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுதமாட்டேன்.

டிராமில் அப்பா பிய்ந்த பித்தானை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே வந்தார். லஸ்ஸில் இறங்கிக் கச்சேரி ரோடு முழுக்க நடந்தோம். பெல்ட் காத்திருக்கிறது என்று நினைத்தேன். சாந்தோம் கோவில் கோபுரம் தெரிந்ததும் நின்றார்.

“மழைநாள் அவ எழுதினதா?”

“ஆமாப்பா.”

“மழை விட்ட மறுநாள் கடல் மண்ணைக் கரைச்ச மாதிரி நிக்கும்னு அதுல ஒரு வரி வரும். கடலைக் கண்டா ஓடுற பய இதை எங்க பார்த்தான்னு அப்பவே தோணிச்சு.” கொஞ்ச தூரம் நடந்தார். “ஏன்டா, அவ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

“நீங்க கேக்கலப்பா.”

நான் புத்தியாகச் சொன்னதல்ல அது. பயத்தில் வந்துவிட்டது. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயிலும் அதிகம்தான்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும், சட்டத்தில் இருந்த என் பெயர்மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, அக்கா பெயரை எழுதினார். பிறகு திருச்சிக்கு ஒரு கடிதம். என்ன எழுதினார் என்று அக்கா இன்றுவரை காட்டவில்லை. அடுத்த வருஷம் பெண்கள் கல்லூரியில் சேர்ந்தாள். இப்போது அங்கேயே இங்கிலீஷ் புரொபசர்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் மாணவிகள் வீடு நிறைய வருவார்கள். கேக் வெட்டியதும் என் கட்டுரையை ஒப்பிப்பாள். நான் எழுதியது பதினேழு பாவம். போன கிறிஸ்துமஸில் அது முப்பத்தொன்பதாகிவிட்டது. பிஷப்பின் குடையைத் திருடினேனாம், கன்னியாஸ்திரீக்குக் காதல் கடிதம் எழுதினேனாம். நான் மறுத்துப் பேசுவதில்லை. என் கட்டுரைகளை எழுதியது எப்போதும் அவள்தானே.