வானத்துக் கல்லை அளந்தவர்

மூடிக் கிடந்த சினிமாக் கொட்டகைக்கு மறுபடியும் கூட்டம் வந்துவிட்டது. கதாநாயகன், வானளந்தார் என்ற சாமியார். படம், உலக அழிவு.

வானத்தில் ஒரு கல் வருவதாகச் செய்தியில் சொன்னார்கள். விஞ்ஞானிகள் பாவம், "விட்டம் நூறு மீட்டரும் இருக்கலாம், முந்நூறும் இருக்கலாம். எப்படியும் வெகு தூரத்தில் போய்விடும்" என்றார்கள். 'இருக்கலாம்' என்பவனை யார் மதிப்பார்கள்? வானளந்தார் ஞானக்கண்ணால் பார்த்துப் பட்டென்று சொன்னார்: "ஊர் அளவு. நம்ம தலைமேலதான் விழும்." ஆகா, இவரல்லவா அறிவாளி!

தப்பிக்க வழி, அவருடைய பாதாள அறை. சொத்தை எழுதிக் கொடுத்தால் உள்ளே இடம். உலகமே அழியும்போது இவருக்கு எதற்குச் சொத்து என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஞானக்கண்ணுக்கு நிரூபணமும் உண்டு. கொட்டகையை இருட்டாக்குவார்கள். மேடைக் கோடியில் சீடன் கூடையிலிருந்து ஒரு பந்தை எடுத்து வைத்து, அதன்மேல் கைவிளக்கைக் காட்டுவான். நடுவில் மங்கல் கண்ணாடி. வடிவம் தெரியாது, வெளிச்சப் புள்ளி மட்டும் தெரியும். வானளந்தார் கண்ணைச் செருகி, "ஆரஞ்சு அளவு" என்பார். கண்ணாடியை விலக்கினால் ஆரஞ்சு அளவுதான்! கைதட்டல் கூரையைப் பிளக்கும்.

அன்று மேடையேறியவர் சலவைக் கடைக்காரர். கையில் கடைப் பத்திரம். கீழே அவர் மனைவி அழுதுகொண்டிருந்தாள். அந்தக் கடை போனால் குடும்பத்துக்குச் சோறு இல்லை. பக்கத்தில் அவள் தங்கை, கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுப்பவள், துணி மூட்டையோடு எழுந்தாள்.

"மாமா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி என் பந்து ஒண்ணை அளக்கச் சொல்லுங்க."

"வெளிப் பந்து அசுத்தம்" என்றார் வானளந்தார்.

சலவைக்காரருக்கு ரோசம் வந்துவிட்டது. "நான் துவைச்ச துணியில சுத்தியிருக்கா சாமி. அதுல என்ன அசுத்தத்தைக் கண்டீங்க?"

கூட்டம் சிரித்தது. இனி மறுத்தால் மானம் போகும். விளக்கை அணைத்தார்கள். மச்சினியே மேடைக் கோடிக்குப் போய்ப் பந்தை வைத்து, அதே கைவிளக்கைக் காட்டினாள். கண்ணாடியில் மினுக்கென்று மங்கலாய் ஒரு புள்ளி.

"இவ்வளவுதானா? எலுமிச்சை அளவு!" என்றார் வானளந்தார்.

கண்ணாடியை விலக்கினாள். அங்கே உட்கார்ந்திருந்தது ஒரு கால்பந்து. உடம்பெல்லாம் அடுப்புக் கரி.

"சாமி, உங்க ஊர்ல எலுமிச்சையை ரெண்டு கையால தூக்குவாங்களோ?" என்றது ஒரு குரல்.

மச்சினி சீடனின் கூடையைக் கவிழ்த்தாள். உருண்டவை அத்தனையும் ஒரே வெள்ளை. "எல்லாம் வெள்ளைன்னா பெரிசு அதிகமா மின்னும், சிறிசு கம்மியா மின்னும். ஞானக்கண் வேணாம், சும்மா கண்ணே போதும். வானத்துக் கல்லும் இந்தப் பந்து மாதிரிதான். சொந்த வெளிச்சம் கிடையாது, வெயில்ல கொஞ்சத்தைத் திருப்பி அனுப்புது. வெளுத்த சின்னக் கல்லும் கறுத்த பெரிய கல்லும் ஒரே மாதிரி மின்னும். நிறம் தெரியாம அளவு சொன்னா அது குருட்டு ஊகம். அதனாலதான் அவங்க 'இருக்கலாம்'னு சொல்றாங்க. கறுப்பு வெளிச்சத்தை முழுங்கிச் சூடாகும். அந்தச் சூட்டையும் அளந்து பார்த்தாத்தான் சரியான அளவு பிடிபடும்."

சலவைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அடச்சே! மாடியில காயப்போட்டா வெள்ளைப் போர்வை தெருமுனை வரைக்கும் பளிச்சுனு தெரியுது, கறுப்புப் போர்வை இருக்குற இடமே தெரியாது. ரெண்டும் ஒரே அளவு. தினம் பாக்குறேன், தோணலையே!"

"கரியைப் பூசி ஏமாத்திட்டா!" என்று கத்தினார் வானளந்தார்.

"சரி சாமி. மேல வர்ற கல்லுக்கு வெள்ளையடிச்சது யாரு, உங்க சீடனா?" என்றாள் மச்சினி.

ஞானக்கண் இரண்டு சாதாரணக் கண்களாகிப் பின்வாசலைத் தேடியது. சலவைக்காரர் பத்திரத்தை மனைவியிடம் நீட்டினார். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு, "வீட்டுக்கு வாங்க, உங்களுக்கு இருக்கு" என்றாள். அவருக்கு வந்த ஒரே உண்மையான ஆபத்து அதுதான்.

கல் வந்தது, வெகு தூரத்தில் போனது. கல்லால் ஒருவருக்கும் நட்டமில்லை; முன்பே சொத்தை எழுதிக் கொடுத்தவர்களுக்குத்தான் நட்டம். அளவைக் கேட்டு வாயைப் பிளந்தவர்கள், "எப்படி அளந்தீங்க?" என்று முதல் நாளே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பாதாள அறையில் வானளந்தார் ஒருவர்தான் தனியாகப் படுத்திருப்பார்.