இரண்டாவது பொட்டலம்

செவலூருணியில் சித்திரை வெயிலிலும் வரிசை கலையவில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து வரும் பேருந்தில் பாதிப் பேர் அங்கேதான் இறங்கினார்கள். எல்லோரும் ராஜகுரு சாமியைப் பார்க்க வந்தவர்கள். ஊராட்சித் தேர்தலின் முடிவையே தீர்மானித்த சாமியாயிற்றே. பெண்ணுக்கு எந்த மாப்பிள்ளை, பருத்தி விதைப்பதா உளுந்து விதைப்பதா, லோன் வாங்கலாமா கூடாதா, எல்லாவற்றுக்கும் அவர் இரண்டு பொட்டலத்தில் பூக்கட்டி, ஒன்றைப் பிரித்துப் பார்த்துச் சொன்னார்.

போன வருடம்வரை இந்தச் சாமி பந்தல்குடிப் பக்கம் தூத்துக்குடி ரோட்டில் லாரிகளுக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டிய லாரிகளும் மோதின, கட்டாத லாரிகளும் மோதின. யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அதற்குள் தேர்தல் வந்து அவரைக் கைதூக்கி விட்டது.

தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கீழத்தெருவில் தையல் மெஷின் வைத்திருக்கும் மாரிக்கனியும் மேலத்தெரு செல்வலட்சுமியும் போட்டியிட்டார்கள். திருச்சுழியில் எண்ணி முடித்தபோது ஆளுக்கு நானூற்றுப் பன்னிரண்டு வாக்கு. மறுபடி எண்ணினார்கள், அதேதான். சட்டப்படி அதிகாரி இருவர் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கினார். மாரிக்கனி பெயர் வந்தது. மாலையோடு அவர் ஊர் திரும்புவதற்குள் செய்தி முந்திக்கொண்டது. சாமி கட்டிய கயிறு வேலை செய்துவிட்டதாம்.

கயிறா? மாரிக்கனி, ஷேர் ஆட்டோ ஓட்டும் கணவன் இருளப்பசாமியின் சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்தார். கறுப்பாக ஒன்று கிடந்தது.

"வீடு வீடா நடந்து கால் வீங்குனது எனக்கு. ஜெயிச்சது கயிறாக்கும்."

"கோவிக்காத மாரி. அதான் ஜெயிச்சாச்சுல்ல. கயித்துக்கும் ஒரு பங்கு குடுத்தா என்ன?"

கயிறு ஒரு பங்கோடு நிற்கவில்லை. மாரிக்கனி அலைந்து தெருவிளக்கு எரிய வைத்தால் அது சாமி புண்ணியம். வாய்க்கால் தூர்வாரினால் அதுவும் சாமி புண்ணியம். கடைசியில் தண்ணீர்த் தொட்டிப் பிரச்சினை வந்தது. ஊருக்கு ஒரு புதிய தொட்டி கட்ட அனுமதி கிடைத்தது. கீழத்தெருவில் குழாயே இல்லை. பெண்கள் குடத்தோடு மெயின் ரோடுவரை நடந்தார்கள். ஆனால் மேலத்தெருவில் பிளாட் போட்டு விற்கும் சங்கரலிங்கத்துக்குத் தொட்டி தன் பிளாட்டுக்குப் பக்கத்தில் வேண்டும். சாமிக்குத் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். "நமக்குள்ள எதுக்குச் சண்டை? மே தினக் கிராம சபையில சாமியே சொல்லட்டும்" என்றார். ஊர் தலையாட்டியது.

மே தினத்துக்கு முன்பு ஒருநாள், திருச்சுழி பேருந்துக்கு நின்றபோது மாரிக்கனி செல்வலட்சுமியைப் பார்த்தார். தோற்ற பிறகு அவர் வெளியே தலைகாட்டுவதே குறைவு. குடையைப் பிடிக்கக் கை தூக்கியபோது வளையலுக்கு மேலே அதே கறுப்புக் கயிறு.

"அக்கா, உங்களுக்கும் அவருதான் கட்டுனாரா?"

செல்வலட்சுமி முந்தானையால் கையை மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீதான் ஜெயிப்ப, வெளிய சொன்னா பலிக்காதுன்னாரு. தோத்ததும், நான் தீட்டோட கயித்தைத் தொட்டுட்டேன்னு எங்க மாமியார்கிட்டச் சொல்லிட்டாரு. அவுக இன்னிக்கு வரைக்கும் என் முகம் பாத்துப் பேசுறதில்ல."

"ரெண்டு பேர்கிட்டயும் ஜெயிப்பன்னா, ஒருத்தி ஜெயிச்சுத்தானக்கா ஆகணும்."

செல்வலட்சுமி முந்தானையை விலக்கிக் கயிற்றைப் பார்த்தார். வந்த பேருந்தில் ஏறவில்லை.

மே தினத்தன்று பள்ளிக்கூடத்து மைதானத்தில் சாமியானாப் பந்தல் போட்டிருந்தார்கள். சாமி ஒரு தட்டில் இரண்டு வாழையிலைப் பொட்டலங்களோடு வந்தார். பொட்டலம் கட்டுவது எப்போதும் கொட்டகைக்குள்தான்; தெய்வம் வெளிச்சத்துக்குக் கூசுமாம். சிவப்பு அரளி வந்தால் தொட்டி கீழத்தெருவுக்கு, வெள்ளை நந்தியாவட்டை வந்தால் மேலத்தெருவுக்கு. சாமி கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். நந்தியாவட்டை. மேலத்தெரு கைதட்டியது. சங்கரலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பக்தியால்தான், பிளாட் விலையை நினைத்து அல்ல.

வழக்கம்போல மற்றப் பொட்டலத்தைச் சூடத்தில் போடச் சாமி கை நீட்டினார்.

"அதையும் பிரிங்க சாமி" என்றார் மாரிக்கனி.

"தெய்வம் தள்ளுனது தாயி. மனுசக் கண்ணு படக்கூடாது."

"திருச்சுழியில என் பேரு வந்ததும் அதிகாரி மத்தச் சீட்டையும் பிரிச்சு, இந்தா பாருங்க செல்வலட்சுமி பேருன்னு எல்லாருக்கும் காட்டுனாரு. அதான் அந்த அக்காவும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசல. நீங்களும் காட்டுங்க. அரளி இருந்தா மேலத்தெருவுக்கே எழுதி நான் கையெழுத்துப் போடுறேன்."

சாமி குரலை உயர்த்தினார்.

"பாத்த கண்ணு அவிஞ்சு போகும்."

கூட்டம் அப்படியே உட்கார்ந்திருந்தது. தொட்டி வேண்டியவர்களுக்கும் கண் வேண்டுமே. அப்போது மேலத்தெருப் பக்கமிருந்து செல்வலட்சுமி எழுந்து வந்தார்.

"என் கண்ணுதான சாமி. போனாப் போகட்டும்."

பொட்டலத்தை எடுத்தார். வாழைநாரை அவிழ்த்தார். இலை விரிந்தது. உள்ளே நந்தியாவட்டை.

அதை உயர்த்திப் பிடித்துக் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். கண் நன்றாகவே தெரிந்தது. பிறகு வளையலை ஒதுக்கிக் கயிற்றைக் காட்டினார். "எனக்கும் இவருதான் கட்டுனாரு." இருளப்பசாமி சட்டைக் கையைச் சுருட்டித் தன் கயிற்றைக் காட்டினார். கடைசி வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு முன்வரிசைக்கு வந்து சேர்ந்தபோது சங்கரலிங்கத்துக்கு அவசரமாக ஒரு போன் வந்தது. எழுந்து போனவர் திரும்பவில்லை. "இது அம்பாளோட சோதனை" என்றார் சாமி. யாரும் காதில் வாங்கவில்லை.

கைதூக்கி முடிவெடுத்தார்கள். தொட்டி கீழத்தெருவுக்கு. மேலத்தெருவிலும் சில கைகள் உயர்ந்தன, முதலில் செல்வலட்சுமியின் கை. அன்று மதியம் மாமியார் அவர் முகத்தைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

ராஜகுரு இப்போது எம்.ரெட்டியபட்டிப் பக்கம் வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கிறாராம். நல்ல கூட்டமாம். போகிறவர்கள் போகலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. செருப்பைக் கழற்றி வெளியே வைக்கிறீர்கள், சரி. மூளையையும் ஏன் கழற்றி வைக்கிறீர்கள்?