சாயம் போகாத பல்

சம்பந்தம் காலையில் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். கண்ணாடிக்குள் அரக்குச் சிவப்பில் இரண்டு வரிசைப் பல் சிரித்தது.

"குணசுந்தரீ!"

ஓடி வந்த மனைவி "இன்னாங்க?" என்றாள். அவள் பல்லும் அரக்கு. பின்னால் வந்த மகன் பாலுவுக்கும் அப்படியே. மருமகள் தேவிப்ரியா முந்தானையால் வாயை மூடிக்கொண்டே வந்ததால் அவளைத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டு நாள் முன்பு ஆரணிக் கல்யாண மண்டபத்தில் பல் முகாம் நடந்தது. வேலூரிலிருந்து வந்த டாக்டர், பல் இடுக்கில் நூல் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும், குடும்பத்தோடு செய்ய வேண்டும் என்றார். முன்வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருந்த சம்பந்தம், மைக்கைக் கேட்டு வாங்கி, தம் குடும்பமே ஊருக்கு வழிகாட்டும் என்று அறிவித்தார். கைதட்டலும் கிடைத்தது.

மருந்துக்கடையில் பல் நூல் அடங்கிய விரல்கடைப் பெட்டி ஒன்றைக் காட்டியபோதுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"பட்டு யாவாரம் பண்றவன் கடையில நூல் வாங்கறதா? ஊரு சிரிக்கும்!"

நேற்று மாலை வீட்டில் சபை கூடியது. சம்பந்தம் மருமகளை அழைத்தார்.

"சாயம் போட்ட நூலா எடுத்தாம்மா. கச்சா நூலு ஈறை அறுத்துடும்."

"வாயில சாயம் ஒட்டிக்காதா மாமா?" என்றாள் தேவிப்ரியா.

"எது, நம்ம சாயமா? அது போவாது. பின்தெரு குப்புராஜ் சாயம்னா சொல்லு, ஈரக் காத்து பட்டாலே போயிடும்."

தேவிப்ரியா போனாள். கொஞ்சம் தாமதமாக, கொல்லைப்புறமாக, ஒரு கொத்து நூலோடு வந்தாள். நால்வரும் வரிசையாக நின்று, இடுக்கு விடாமல் இழுத்தார்கள். வாயில் நன்றாக ஊறட்டும் என்று சம்பந்தம் நூலைக் கொஞ்ச நேரம் அடக்கிக்கொள்ளவும் சொன்னார்.

இப்போது போன் அடித்தது. சென்னை ஜவுளிக்கடை முதலாளி ரங்கசாமி.

"சம்பந்தம், நான் ஆரணிக்குப் பக்கத்துல வந்துட்டேன். போன லோடுல சாயம் போகுதுன்னு நாலு பேர் சேலையைத் திருப்பிட்டாங்க. நேர்ல பாத்துட்டுத்தான் தீபாவளி ஆர்டர். திருப்தி இல்லன்னா இதோட சரி."

சம்பந்தம் போனை வைத்தார். வாயையும் மூடினார்.

"ஜல்தி! பல்பொடி எடு!"

தேய்த்தார்கள். நுரை சிவந்தது, பல் வெளுக்கவில்லை. அடுப்புச் சாம்பலால் தேய்த்தார்கள். ஈறு எரிந்தது.

"எலுமிச்சம்பழம்! கறை எதுவா இருந்தாலும் எடுத்துடும்."

பழத்தைப் பிழிந்து தேய்த்ததும் அரக்கு இன்னும் ஆழமாயிற்று.

குணசுந்தரி இடுப்பில் கை வைத்தாள். "பட்டறையில நூல்ல சாயம் புடிக்கறதுக்கு இன்னா ஊத்துவீங்க?"

"ஆசிட்டு."

"எலுமிச்சம்பழத்துல இருக்கறது இன்னா?"

சம்பந்தம் வெற்றிலைத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார். வெற்றிலை பல்லுக்கு விஷம் என்று முகாமில் மைக்கில் முழங்கியவர் அவர்தான்.

"கறையைக் கறையால மறைப்போம். எல்லாரும் மெல்லுங்க."

பழக்கமில்லாத பாலு சுண்ணாம்பை அதிகம் தடவிக்கொண்டு நாக்கு வெந்து குதித்தான். மற்றவர்களுக்கு உதடும் சிவந்தது. பல் மட்டும் தனி நிறமாகத் தெரிந்தது.

"ஒரே பேஜாருப்பா!" என்றான் பாலு, நாக்கைத் தொங்கவிட்டபடி.

"கம்முனு இரு! அவரு போற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

ரங்கசாமி வந்தார். சம்பந்தம் கும்பிட்டார். குணசுந்தரி கும்பிட்டாள். பாலு பாயைக் காட்டினான்.

"சாவு வீடா இது? யாரும் பேசவே இல்ல! சொல்லுங்க சம்பந்தம், சாயம் போகுமா போகாதா?"

சம்பந்தம் தலையை அசைத்தார்.

"வாயத் தொறந்து சொல்லுய்யா!"

குணசுந்தரி காபி கொடுத்தாள். பதற்றத்தில் பாலுவும் ஒரு தம்ளரை எடுத்து, வெந்த நாக்கில் ஊற்றிக்கொண்டான். "ஆ!" என்று வாய் முழுசாகத் திறந்தது.

ரங்கசாமி எழுந்து வந்தார். சேலைக் கரையைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார்.

"என்ன இது?"

இனி மறைக்க ஒன்றுமில்லை. சம்பந்தம் டாக்டரில் தொடங்கி எலுமிச்சம்பழம் வரை ஒப்பித்தார்.

"சாம்பல் போட்டும் போகலையா?"

"போவலீங்க."

ரங்கசாமி வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து நனைத்து, பாலுவின் முன்பல்லை அழுத்தித் துடைத்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

"அடேங்கப்பா! எச்சில், சாம்பல், புளிப்பு, காபி, எதுக்கும் அசையல. இதான்யா சாயம்! தீபாவளி சரக்கு மொத்தமும் இதே சாயம்தான்."

சம்பந்தம் நிமிர்ந்தார். சால்வையைத் தேடிப் போட்டுக்கொண்டார். இப்போது பல் முழுவதும் தெரியச் சிரித்தார்.

"மூணு தலைமுறைக் கைப்பக்குவம்ங்க. கண்டவன் பட்டறையில வருமா? எம்மா, அந்த நூலை எடுத்தா. முதலாளி மாதிரிக்கு எடுத்துகினு போவட்டும்."

தேவிப்ரியா நூலைக் கொண்டுவந்தாள். மாமனாரைப் பார்த்தாள், நூலைப் பார்த்தாள், பிறகு அதை ரங்கசாமியிடம் நீட்டினாள்.

"இது பின்தெரு குப்புராஜ் அண்ணன் வீட்டு நூலுங்க. நம்ம சாயத்த வாயில வெக்க பயமா இருந்திச்சி மாமா."